எப்போது வரும் என்பதை விடுங்கள், எத்தனை மாதத்துக்குப் பணம் இருக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு வர வேண்டிய படம் தள்ளிப்போனால் உங்கள் நாளிதழில் அதற்குக் கால் பக்கமாவது கிடைக்கிறது. ஃபைனான்சியருக்கு எவ்வளவு பாக்கி, யார் கோர்ட்டுக்குப் போனார், முன்பதிவுப் பணத்தை எப்படித் திருப்பிக் கொடுத்தார்கள் என்று எல்லாம் வந்துவிடுகிறது. வீடியோ கேம் தள்ளிப்போனால் மட்டும் ரசிகர்கள் ஏமாற்றம் என்று இரண்டு வரியில் முடித்துவிடுகிறீர்கள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோவின் ஆறாம் பாகத்தை 2025-லிருந்து 2026 மே மாதத்துக்கும், அங்கிருந்து 2026 நவம்பர் 19-க்கும் தள்ளினார்களே, அதற்கு அந்த இரண்டு வரி போதும்தான். அது கம்பெனியின் சொந்தப் பணம், நாம் யாரும் அதைச் செய்யக் காசு கொடுக்கவில்லை, வருகிறபோது பிடித்தால் வாங்கப் போகிறோம். நான் எழுத வந்தது வேறு வகைத் தாமதத்தைப் பற்றி. கேம் வேலை சரியாக ஆரம்பிக்கும் முன்பே நம்மிடம் பணம் வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்திலேயே கேமைச் செய்து, சொன்ன தேதிக்கு வராமல், ஏன் வரவில்லை என்றும் சொல்லாமல் இருக்கிறார்களே, அதைப் பற்றி.

நான் பெங்களூரில், வெளிநாட்டு கேம்களுக்கு ஓவியமும் முப்பரிமாண மாடலும் செய்து கொடுக்கும் ஒரு ஸ்டூடியோவில் ஷெட்யூல் பார்க்கும் வேலையில் இருக்கிறேன். எந்த மாடல் எந்த வாரம் முடியும், முடியாவிட்டால் யாரிடம் எப்போது சொல்வது என்பதுதான் என் பிழைப்பு. அதனால் தாமதத்தைக் கண்டு எனக்குக் கோபம் வருவதில்லை. கேம் என்றாலே தாமதம்தான். புரோகிராமர் ஒருவர் வேலையை விட்டால் அவர் எழுதியதைப் புதிதாக வந்தவர் படித்துப் புரிந்துகொள்ளவே வாரக்கணக்கில் ஆகும், கேமை ஓட்டும் அடிப்படை மென்பொருளான என்ஜினைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் நேற்று வரை ஓடிய கதவு இன்று திறக்காது, பிளேஸ்டேஷனுக்கோ நின்டெண்டோவுக்கோ கொடுத்தால் அவர்கள் சோதித்துப் பார்த்து ஒரு பட்டியல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். பொருள் தயாராகும் முன்பே பொதுமக்களிடம் பணம் திரட்ட உதவும் கிக்ஸ்டார்ட்டர் என்ற இணையதளத்தில் பணம் திரட்டியவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு மேல் சொன்ன தேதிக்குப் பிறகுதான் பொருளைக் கொடுத்தார்கள் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஈதன் மோலிக் 2014-லேயே ஆய்வு செய்து எழுதியிருக்கிறார். அதே ஆள் அடுத்த ஆண்டு செய்த இன்னொரு ஆய்வில், பொருளைக் கொடுக்காமலே போனவை 9 சதவீதம்தான். இவை கேம்களுக்கு மட்டுமான கணக்குகள் அல்ல. ஆனாலும் இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. தாமதம் என்றால் மோசடி என்று எடுத்த எடுப்பில் நினைப்பது தவறு, பெரும்பாலானவர்கள் கடைசியில் கொண்டுவந்து சேர்த்துவிடுகிறார்கள். நடுவில் அந்த இரண்டு மூன்று வருடம் பணம் போட்டவர்களிடம் என்ன சொல்கிறார்கள் என்பதுதான் என் பிரச்சினை.

இந்த ஊருக்கு இது ஏன் முக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். 1997-ல் துருவா இன்டராக்டிவ் இங்கே தொடங்கிய காலத்திலிருந்து பெங்களூர் பெரும்பாலும் அடுத்தவர் கேமுக்குக் காரும் மரமும் சுவரும் செய்து கொடுத்தே வளர்ந்தது. அந்தத் துருவாவையே 2019-ல், கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ செய்யும் ராக்ஸ்டார் வாங்கிக்கொண்டது. 2025 பிப்ரவரியில், சினிமாவுக்குக் கிராஃபிக்ஸ் செய்யும் டெக்னிகலர் கம்பெனி மூடியபோது இங்கேயும் மும்பையிலும் ஆயிரக்கணக்கானோர் வேலையிழந்தார்கள். எனக்குத் தெரிந்த பையன்களும் பெண்களும், சேலம், ஓசூர், வேலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள், இனி அடுத்தவனுக்கு மரம் வரைந்தது போதும், நம் கதையை நாமே செய்வோம் என்று மூன்று பேர் நான்கு பேராகச் சேர்ந்து கிளம்பிவிட்டார்கள். நல்ல விஷயம். ஆனால் பணம்? கிக்ஸ்டார்ட்டரில் இந்தியாவிலிருந்து நாம் பணம் போடலாம், இந்திய வங்கிக் கணக்கை வைத்துக்கொண்டு பணம் திரட்ட முடியாது. வெளிநாட்டில் ஓர் ஆள் வேண்டும். அதனால் இவர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ, கீழே ஒரு யுபிஐ கியூஆர் கோடு என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இதில் இருக்கிற சிக்கலைப் பலரும் கவனிப்பதில்லை. கிக்ஸ்டார்ட்டரில் விதி என்னவென்றால், கேட்ட தொகை முழுதும் சேர்ந்தால்தான் பணம் போட்டவர்களின் கார்டிலிருந்து காசு எடுக்கப்படும், சேரவில்லை என்றால் யாருக்கும் ஒரு பைசா செலவில்லை. புனேயில் செய்த ராஜி என்ற கேமுக்கு 2017-ல் 1 லட்சத்து 20 ஆயிரம் டாலர் கேட்டார்கள், சேரவில்லை, பணமும் வரவில்லை. அப்புறம் வேறு வழிகளில் பணம் புரட்டி 2020 ஆகஸ்டில் வெளியிட்டார்கள், நன்றாகவே போனது. அந்த விதி அவர்களைக் காப்பாற்றியது என்றுதான் நான் சொல்வேன், அரைகுறைப் பணத்தை வைத்துக்கொண்டு முழுக் கேமுக்கு வாக்குக் கொடுக்கும் நிலை அவர்களுக்கு வரவில்லை. யுபிஐயில் அந்த விதி கிடையாது. 20 லட்சம் கேட்டு 6 லட்சம் வந்தாலும் அந்த 6 லட்சம் கணக்கில் விழுந்துவிடும், திருப்பிக் கொடுக்க மனசு வராது, சரி இருப்பதை வைத்து ஆரம்பிப்போம் என்று ஆரம்பிப்பார்கள். தாமதம் அன்றைக்கே பிறந்துவிட்டது. பணம் போட்டவர்களுக்கு மட்டும் அது தெரியாது.

நான் அப்படிப் பணம் போட்ட ஒரு கேமின் கதையைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். எல்லைச்சாமியை வைத்து ஒரு கிராமத்துக் கதை, டெமோ அருமையாக இருந்தது, பம்பை சத்தம் ஹெட்போனில் கேட்டபோது எனக்குப் புல்லரித்தது. என்னோடு வேலை பார்க்கும் பலரும் போட்டார்கள். தீபாவளிக்கு வரும் என்றார்கள், அப்புறம் பொங்கல் என்றார்கள், அப்புறம் தேதியே சொல்வதில்லை. ஆனால் மாதம் தவறாமல் ஒரு படம் வரும். பனைமரத்துக்குப் பின்னால் அந்தி வானம், மண் குதிரை, கோயில் வாசலில் ஒரு கிழவி. எல்லோரும் கீழே இதயம் போடுவார்கள். எங்கள் தொழிலில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் பிறகு விஷயம் வெளியே வந்தது. அந்தக் குழுவின் இரண்டு புரோகிராமர்களும் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார்கள், மாதாமாதம் வந்த படமெல்லாம் டெமோ சமயத்திலேயே வரைந்து வைத்தவை. கோட் எழுத ஆளே இல்லாத கேமுக்கு நாங்கள் இதயம் போட்டுக்கொண்டிருந்தோம். பணத்தை விடுங்கள், நான் போட்டது ஒரு மாதப் பால் பாக்கெட் செலவு கூட இருக்காது. வேலையை விட்டுவிட்டார்கள், வேறு ஆள் தேடுகிறோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எங்களிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து எழுதிக் கொடுக்க ஆள் இருந்தார்கள். அதுதான் வயிற்றெரிச்சல்.

பிரச்சினையைச் சொன்னால் பணம் போட்டவர்கள் கொதிப்பார்கள் என்று பயப்படுகிறார்கள். பயம் நியாயமானதுதான், அதை மறுக்க மாட்டேன். இந்தத் துறையில் இதற்குப் பெரிய உதாரணம் டிம் ஷேஃபரின் டபுள் ஃபைன் ஸ்டூடியோ. 2012 பிப்ரவரியில் பழைய பாணி அட்வென்ச்சர் கேம் ஒன்றுக்கு 4 லட்சம் டாலர் கேட்டார்கள். அதில் 3 லட்சம் கேமுக்கு, 1 லட்சம் அந்தக் கேம் செய்வதைப் படமெடுக்க. கேட்ட பணம் அன்றைக்கே சேர்ந்துவிட்டது, ஒரு மாதத்தில் 87,000 பேருக்கு மேல் சேர்ந்து 33 லட்சம் டாலர் கொடுத்துவிட்டார்கள். வாக்குக் கொடுத்த தேதியோ அதே 2012 அக்டோபர். கவனியுங்கள், அந்தத் தேதி 3 லட்சம் டாலர் கேமுக்குப் போட்டது, 33 லட்சம் வந்ததும் கேம் பெரிதாகிவிட்டது, தேதி மட்டும் பக்கத்தில் அப்படியே நின்றது. 2013 ஜூலையில் ஷேஃபர் பணம் போட்டவர்களுக்கு எழுதினார். கையிலிருக்கும் பணத்துக்கு மீறின கேமை வடிவமைத்துவிட்டேன், இப்படியே போனால் முதல் பாதி 2014 நடுவிலும் முழுக் கேம் 2015-லும்தான் முடியும், அதுவரை பணம் தாங்காது, அதனால் கேமை இரண்டாக வெட்டி முதல் பாதியை விற்று அந்தப் பணத்தில் மீதியைச் செய்யலாம் என்று இருக்கிறோம் என்பது அதன் சாரம். அது பணம் போட்டவர்களுக்கு மட்டும் எழுதியது, ஒரே நாளில் வெளியே கசிந்தது, அப்புறம் கேட்க வேண்டுமா. 33 லட்சத்தையும் தின்றுவிட்டு இன்னும் கேட்கிறான் என்று உலகம் முழுக்கத் திட்டு. ஆனால் முதல் பாதி 2014 ஜனவரியில் வந்தது, இரண்டாம் பாதி 2015 ஏப்ரலில் வந்தது, ப்ரோக்கன் ஏஜ் என்ற பெயரில் முழுக் கேமும் பணம் போட்டவர்கள் கைக்குப் போனது. அந்தத் தாமதத்தின் நடுவே நடந்த சண்டை, வெட்டின காட்சிகள், பட்ஜெட் கூட்டங்கள் எல்லாம் படமெடுத்து வைத்திருக்கிறார்கள், பிற்பாடு யூடியூபிலும் எல்லோருக்கும் போட்டார்கள். எங்கள் வேலையில் புதிதாகச் சேருபவர்களை நான் அதைப் பார்க்கச் சொல்வேன், எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது.

என் கண்ணில் பட்டது, அந்தக் கடிதத்தில் தேதியைவிடப் பெரிதாக நின்றது பணக் கணக்கு. எவ்வளவு வந்தது, எது வரை தாங்கும், தாங்காவிட்டால் என்ன செய்யப் போகிறோம். திட்டினவர்களும் அந்தக் கணக்கை வைத்துக்கொண்டுதான் திட்டினார்கள். கையில் விவரம் இருந்த கோபம் அது. எங்கள் எல்லைச்சாமி கேமில் எங்களுக்கு விவரமும் இல்லை, கோபமும் இல்லை, இதயம்தான் இருந்தது.

இதற்கு நேர் எதிராக மைட்டி நம்பர் 9 என்ற கேமின் கதையைப் பாருங்கள். மெகா மேன் என்ற பழைய கேமால் புகழ்பெற்ற கெய்ஜி இனாஃபுனே 2013-ல் 9 லட்சம் டாலர் கேட்டு கிக்ஸ்டார்ட்டரில் மட்டும் 38 லட்சம் வாங்கினார். 2015 ஏப்ரலில் வர வேண்டியது. அது 2015 செப்டம்பர் ஆனது. அந்தச் செப்டம்பர் வரும் முன்பே, 2015 ஜூலையில், அதே ஆட்கள் ரெட் ஆஷ் என்ற இன்னொரு கேமுக்குக் கிக்ஸ்டார்ட்டரில் கையேந்தினார்கள். பழைய பணத்துக்குப் பொருள் வரவில்லை, புதுப் பணம் கேட்டாயிற்று. அடுத்த மாதமே முதல் கேம் 2016-க்குத் தள்ளிப்போகிறது என்று அறிவிப்பு, அப்புறம் பிப்ரவரி, அதுவும் போய் 2016 ஜூனில் வந்தது, வந்ததைப் பார்த்து யாரும் பாராட்டவில்லை. ரெட் ஆஷுக்குக் கேட்ட பணம் சேரவே இல்லை. ஜனங்களுக்கு அவ்வளவு விவரம் இருக்கிறது. ஜூலையில் பணம் கேட்டபோது செப்டம்பரில் கேம் வராது என்பது உள்ளே இருந்தவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கும் என்று என்னைப் போல ஷெட்யூல் பார்க்கிற யாரும் நம்ப மாட்டார்கள். கேம் எப்போது முடியும் என்று துல்லியமாகச் சொல்ல முடியாமல் போகலாம், இரண்டு மாதத்தில் முடியாது என்பது நிச்சயம் தெரியும்.

சரி, அப்படியானால் வாரா வாரம் அப்டேட் போட்டால் போதுமா என்றால், அதுவும் இல்லை. ஸ்டார் சிட்டிசன் என்று ஒரு விண்வெளி கேம். 2012-ல் பணம் திரட்ட ஆரம்பித்தார்கள், 2014 நவம்பரில் வரும் என்றார்கள், இன்னும் முழுசாக வெளியாகவில்லை. திரட்டின பணம் 80 கோடி டாலரைத் தாண்டிவிட்டது. இந்த உலகத்தில் அவர்களை விட அதிகமாகப் பேசுகிற கேம் கம்பெனி கிடையாது. வாராந்திர வீடியோ, மாதாந்திர அறிக்கை, எந்தக் குழு எந்த வேலை பார்க்கிறது என்ற பொது அட்டவணை, எல்லாம் போட்டிருக்கிறார்கள். ஒரு கிரகத்தின் மணலைப் பற்றி இருபது நிமிடம் பேசுவார்கள், நானே ரசித்துப் பார்த்திருக்கிறேன். இத்தனைக்கும் நடுவில் கேம் எப்போது முழுசாக முடியும் என்ற கேள்விக்கு மட்டும் பதில் நகர்ந்துகொண்டே இருக்கிறது, கூடவே புதுப்புதுக் கப்பல்களை விற்றுக்கொண்டும் இருக்கிறார்கள். அவர்களும் மோசடி என்று சொல்ல மாட்டேன், விளையாடும்படியான ஒன்று இருக்கிறது, லட்சக்கணக்கானோர் விளையாடுகிறார்கள். அளவில்லாமல் காட்டுவதும் வெளிப்படையாக இருப்பதும் வேறு வேறு என்று மட்டும் சொல்கிறேன். எங்கள் பனைமர அந்தி வானத்தின் பெரிய அண்ணன்தான் அந்த மணல்.

பேசாமலே இருந்து பெயர் கெடாதவர்களும் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாராவது எனக்குப் பதில் எழுதுவார்கள். ஆஸ்திரேலியாவின் டீம் செர்ரி 2014-ல் ஹாலோ நைட் கேமுக்கு வெறும் 57,000 ஆஸ்திரேலிய டாலர் திரட்டி 2017 பிப்ரவரியில் வெளியிட்டது. ஹார்னெட் என்ற பாத்திரத்தை வைத்தும் விளையாடலாம் என்று பணம் போட்டவர்களுக்கு ஒரு வாக்கு இருந்தது. அது வளர்ந்து வளர்ந்து சில்க்சாங் என்று தனிக் கேமாகி 2019-ல் அறிவிக்கப்பட்டு 2025 செப்டம்பர் 4 அன்றுதான் வந்தது. நடுவில் வருடக்கணக்கில் சத்தமே இல்லை. ஆனால் அந்த ஆறு வருடமும் அவர்கள் யாரிடமும் புதிதாகக் காசு கேட்கவில்லை, முதல் கேம் விற்ற பணத்தில் வாழ்ந்தார்கள், அது ஒன்றரைக் கோடிப் பிரதி விற்றது. பழைய வாக்குப்படி கிக்ஸ்டார்ட்டரில் பணம் போட்டவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். சொந்தக் காசில் வாயை மூடிக்கொண்டு வேலை பார்ப்பவரிடம் நான் கணக்குக் கேட்க மாட்டேன். ஊரார் காசு இன்னும் கையில் இருக்கும்போது, அல்லது தீர்ந்துபோன பிறகு, வாயை மூடினால்தான் கேட்பேன்.

அதனால்தான் தேதியைக் கேட்பதை நாம் விட வேண்டும் என்கிறேன். எப்போது வரும், எப்போது வரும் என்று நாம் கேட்க, அவர்கள் பயந்துபோய் ஏதோ ஒரு பண்டிகையைச் சொல்ல, அது தவற, அப்புறம் அவமானத்தில் பேச்சே நிற்க, இது ஒரு சுற்று. கேட்க வேண்டியது, இன்னும் எத்தனை மாதச் சம்பளத்துக்குக் கையில் பணம் இருக்கிறது என்பது. அதற்குப் பதில் ஊகம் கிடையாது, வங்கிக் கணக்கைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம், சும்மா உதாரணத்துக்கு. பெங்களூரில் ஆறு பேர் குழு, ஆளுக்குச் சராசரி 60,000 என்றால் சம்பளம் 3 லட்சத்து 60 ஆயிரம். எச்எஸ்ஆர் லேஅவுட்டிலோ கம்மனஹள்ளியிலோ ஒரு சின்ன இடம், கரண்ட், இன்டர்நெட், மென்பொருள் லைசென்ஸ், அப்பப்போ எஸ்பி ரோட்டில் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு என்று சேர்த்தால் மாதம் நாலரை லட்சம். 40 லட்சம் திரட்டினார்கள் என்று வையுங்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்ற தளமென்றால் அவர்களுக்கு 5 சதவீதம், பணம் வாங்கிக் கொடுக்கும் கட்டணம் இன்னொரு 3 முதல் 5 சதவீதம், மிச்சம் 36 லட்சம். எட்டு மாதம். சட்டை, புத்தகம், பொம்மை அனுப்புகிறேன் என்று வேறு வாக்குக் கொடுத்திருந்தால் ஏழு மாதம்கூட வராது. ஆனால் பக்கத்தில் பதினெட்டு மாதத் திட்டம் எழுதியிருப்பார்கள். மீதிப் பத்து மாதம் யார் காசு? அப்பாவின் பிஎஃப் பணமா, வெளி வேலை எடுத்து அதில் வருவதா, பப்ளிஷர் யாராவது வருவார் என்ற நம்பிக்கையா? எதுவாக இருந்தாலும் தப்பில்லை, ஆனால் முதல் நாளே எழுதிவிடுங்கள். செக் நாட்டின் வார்ஹார்ஸ் 2014-ல் கிங்டம் கம் டெலிவரன்ஸ் கேமுக்குப் பணம் திரட்டியபோது, இது முழுச் செலவுக்கு அல்ல, எங்களுக்கு ஒரு முதலீட்டாளர் இருக்கிறார், இப்படி ஒரு கேமை வாங்க ஆள் இருக்கிறது என்று அவருக்குக் காட்டத்தான் உங்களிடம் வந்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டே கேட்டார்கள். 11 லட்சம் பவுண்டு வந்தது. 2015 கடைசியில் வர வேண்டியது 2018 பிப்ரவரியில்தான் வந்தது, இரண்டு வருடத்துக்கு மேல் தாமதம், ஆனாலும் பணம் போட்டவர்களில் எத்தனை பேர் இன்று அவர்களைத் திட்டுகிறார்கள்? ஒரு குரலையும் நான் கேட்டதில்லை.

சட்டம் என்ன செய்யும் என்று கேட்டால், கொஞ்சம்தான். கிக்ஸ்டார்ட்டர் தன்னைக் கடை இல்லை என்று 2012-லேயே அறிவித்துவிட்டது. 2014-ல் மாற்றிய விதியில், முடிக்க முடியாமல் போனால் என்ன வேலை நடந்தது, பணம் எப்படிச் செலவானது, ஏன் முடியவில்லை என்று பணம் போட்டவர்களுக்கு எழுத வேண்டும், மிச்சப் பணத்தைத் திருப்பித் தர வழி செய்ய வேண்டும் என்று இருக்கிறது. நல்ல விதி, ஆனால் எல்லாம் மூழ்கின பிறகுதான் வேலை செய்யும். அமெரிக்காவில் நுகர்வோரைப் பாதுகாக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் 2015-ல் முதல் முறையாக, இப்படிப் பொதுமக்களிடம் பணம் திரட்டிய ஓர் ஆளைப் பிடித்தது, வீடியோ கேம் அல்ல, பலகை விளையாட்டு. 1 லட்சத்து 22 ஆயிரம் டாலர் வாங்கி வீட்டு வாடகைக்கும் ஊர் மாறவும் செலவழித்துவிட்டார் என்பது வழக்கு. பணத்தைக் கட்டச் சொல்லி உத்தரவு போட்டார்கள், அதைக் கட்ட அவரிடம் பணம் இல்லை என்று நிறுத்தியும் வைத்தார்கள். அவரிடமிருந்து போட்டவர்களுக்கு எவ்வளவு பணம் திரும்பியிருக்கும் என்று நீங்களே ஊகிக்கலாம்.

பெங்களூரில் இருக்கிற நமக்கு இதைப் புரிந்துகொள்ள அமெரிக்கா வரை போக வேண்டியதே இல்லை. சர்ஜாபூர் ரோட்டில் ஃபிளாட்டுக்கு முன்பணம் கட்டிவிட்டு வருடக்கணக்கில் வாடகையும் இஎம்ஐயும் சேர்த்துக் கட்டிய குடும்பங்கள் நம்மில் எத்தனை! அப்புறம்தானே ரெரா என்ற ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. 2016-ன் அந்தச் சட்டப்படி வாங்குபவர்களிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், எவ்வளவு கட்டடம் எழும்பியதோ அந்த அளவுக்குத்தான் எடுக்கலாம், அதற்கும் என்ஜினீயர், ஆர்க்கிடெக்ட், ஆடிட்டர் மூன்று பேரும் சான்று தர வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிலவரத்தைத் தளத்தில் போட வேண்டும். ரெரா வந்ததால் தாமதம் ஒழிந்துவிட்டதா? இல்லை. ஆனால் எந்தத் தளம் வரை வந்திருக்கிறது, பணம் எங்கே இருக்கிறது என்று கேட்கும் இடம் ஒன்று இருக்கிறது. கேமுக்கு இப்படி ஒரு சட்டம் வேண்டும் என்று நான் கேட்கவில்லை, நாலு பேர் குழுவை ஆடிட்டர் சான்றுக்கு அலையவிட்டால் கேமே வராது. அந்தக் கணக்கைத் தாங்களாகவே போடலாமே என்றுதான் கேட்கிறேன். தனியாக ஒரு வங்கிக் கணக்கு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு பக்கம். இவ்வளவு வந்தது, இவ்வளவு போனது, இத்தனை மாதம் தாங்கும், இவர் குழுவை விட்டுப் போனார், இந்த அம்சத்தை வெட்டிவிட்டோம். படம் வேண்டாம். இசை வேண்டாம். எக்செல் ஷீட்டை அப்படியே போட்டால்கூடப் போதும்.

குழுவை விட்டுப் போனவரைச் சொல்வது அவருடைய சொந்த விஷயமாச்சே என்று ஒருவர் என்னிடம் வாதம் செய்தார். பெயரும் காரணமும் வேண்டாம், ஒரு புரோகிராமர் குறைந்துவிட்டார் என்று சொல்வதில் யாருடைய அந்தரங்கமும் போகாது. இருப்பதே இரண்டு புரோகிராமர் என்றால் அது பாதிக் கேம்.

பணம் போடுகிற நம் பக்கமும் கொஞ்சம் பேச வேண்டும். ஒருவர் உண்மையைச் சொல்லித் தாமதம் என்று எழுதியதும் அவர் அம்மாவை இழுத்துத் திட்டுவதும், திருடன் என்று ஸ்கிரீன்ஷாட் எடுத்து நூறு குழுக்களில் அனுப்புவதும் நம் ஆட்கள் செய்வதுதான். அடுத்த முறை அவர் சொல்வாரா? பனைமரம்தான் போடுவார். இன்னொன்று, ஆயிரம் ரூபாய் போட்டுவிட்டு இன்னும் மூன்று மொழி சேர், மொபைலுக்கும் கொண்டுவா, நாலு பேர் சேர்ந்து விளையாட வை என்று நச்சரிப்பது. ஒவ்வொரு சேர்ப்புக்கும் மாதங்கள் போகும். பணம் கொஞ்சம் கூடுதலாக வந்ததும் அவர்களும் உற்சாகத்தில் சரி சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள், அந்தத் தலையாட்டலைத்தான் பிற்பாடு நாம் தாமதம் என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பெங்களூர், ஓசூர் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் கேம் செய்கிறார்கள் என்று நீங்கள் பாராட்டி எழுதும்போது, கதை என்ன, நாயகன் யார், வீரமா பாசமா என்று கேட்பதோடு, எவ்வளவு திரட்டினீர்கள், எத்தனை மாதம் தாங்கும், முடியாவிட்டால் என்ன செய்வீர்கள் என்ற மூன்று கேள்வியையும் உங்கள் நிருபரைக் கேட்கச் சொல்லுங்கள். பதிலை அப்படியே அச்சிடுங்கள். எல்லைச்சாமி கேம் குழுவின் பெயரை நான் எழுதவில்லை, ஆனால் இதைப் படித்தால் அவர்களுக்குத் தெரியும். கேமை இன்னும் முடிக்கும் எண்ணம் இருந்தால், எவ்வளவு பணம் மிச்சம் என்று மட்டும் முதலில் சொல்லட்டும், ஆள் பிடித்துக் கொடுக்கும் வேலையை எங்கள் அலுவலக நண்பர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் உங்களுக்குப் பதில் அனுப்பினால் தயவுசெய்து அதையும் இதே இடத்தில் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஜீவன் பீமா நகர், பெங்களூரு